சாப்பிட்ட பிறகு சொல்றேன்

என் போனைக் கண்டி வாவிக்குள் தள்ளிவிட்டது வேறு யாருமல்ல, நானேதான்.

சனிக்கிழமை காலை. வெயில் இன்னும் மலையைத் தாண்டி இறங்கவில்லை. வாவியைச் சுற்றி ஓடும் வெள்ளைச் சுவரில், அந்தக் காலத்தில் விளக்கு வைக்கவென்று விட்ட முக்கோண ஓட்டைகள் உண்டு. அதில் ஒன்றில் போனைச் சாய்த்து வைத்து, தானாகப் படம் எடுக்கும்படி அமர்த்திவிட்டு, பின்னால் ஓடிப்போய், இந்த ஊரைச் சற்று முன்தான் பிடித்து முடித்த தளபதி மாதிரி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். போகிற வருகிற யாரிடமாவது கொடுத்திருந்தால் எடுத்துத் தந்திருப்பார்கள். ஆனால் எடுத்தவர் பிறகு தேநீர் கேட்டுவிட்டால்? நான் செலவில்லாமல் ஊர் சுற்றுகிற ஆள். அந்த ஓட்டை மறுபக்கமும் திறந்தது என்பது, போன் மெல்லப் பின்னால் சரிந்து, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் போனபோதுதான் விளங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. யாரோ பாண் போட்டதாக நினைத்து மீன்கள் மட்டும் ஓடி வந்தன.

கடலை விற்றுக்கொண்டிருந்தவர் சுவரால் எட்டிப் பார்த்து, "அனே, மல்லி!" என்று தம்பி முறை சொல்லிச் சிங்களத்தில் பரிதாபப்பட்டார். துக்கத்துக்குரிய ஓர் இடைவெளி விட்டு, கடலை வேண்டுமா என்றும் கேட்டார்.

நான் ஜனார்த்தனன். திருகோணமலையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். உலகமே புகழும் துறைமுகம் இருக்கும் ஊரில் பிறந்து, இன்றுவரை ஒரு கப்பலில் காலெடுத்து வைக்காதவன். அதற்கு ஈடாக விடுமுறை நாட்களில் பஸ் ஏறி நாடு முழுவதும் சுற்றுவேன். சுற்றிவிட்டு, எந்தக் கோயிலில் எத்தனை மணிக்கு அன்னதானம், எந்த வங்கியில் கழிவறை சுத்தம், எந்தப் பஸ்ஸில் எந்தப் பக்கம் இருந்தால் காட்சி என்றெல்லாம் முகநூலில் எழுதுவேன். பலர் வாசிக்கிறார்கள். என்னை வீட்டுக்குக் கூப்பிடுகிறவர்கள் மட்டும் வரவரக் குறைகிறார்கள்.

குறையாமல் கூப்பிட்டது ஒரே ஒரு வீடு. சுவக்கின் வீடு. கம்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற பாதையில், மலையின் இடுப்பில் உட்கார்ந்திருந்த இரண்டு அறை வீடு. முன்னொரு காலம் அவர்களுடைய யாத்திரை பஸ் எங்கள் ஊரில் பழுதாகி நின்றபோது, சுவக்கினுக்கும் அவன் மனைவி றீற்றாவுக்கும் கைக்குழந்தையாக இருந்த நடாஷாவுக்கும் எங்கள் வீட்டில் ஒரு பாய் விரித்தேன். அந்த ஒரு பாய்க்காக அவர்கள் எனக்கு வருடக்கணக்காகச் சோறு போட்டு வந்தார்கள். கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது என்று நான் அவர்களுக்குச் சொல்லவே இல்லை.

"அண்ணே, நீங்க ஊரு பாக்க வர்றீங்களா, என் சட்டிய பாக்க வர்றீங்களா?" என்று றீற்றா வாசலிலேயே கேட்பாள். கேட்டுக்கொண்டே அரிசியை இன்னொரு கை கூட்டிப் போடுவாள்.

நவம்பர் மழைக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து சத்தம் இல்லை. போன் அடித்தால், நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் சொன்னாள். இந்த நாட்டில் மூன்று மொழிக்கும் வேறுபாடில்லாமல் கிடைக்கிற பதில் அது ஒன்றுதான். எங்கள் பக்கமும் வெள்ளம். கந்தோரில் லீவை நிறுத்திவிட்டார்கள். பிறகு பாதையில்லை என்றார்கள். பாதை திறந்த பிறகும் நான் உடனே வரவில்லை. எடுக்காத போன் எடுக்காத போனாக இருக்கும்வரை அங்கே மூன்று பேரும் இருக்கிறார்கள் அல்லவா? இப்போது வந்ததும்கூட, கண்டி பார்க்கப் போகிறேன் என்று எனக்கே ஒரு பொய் சொல்லிக்கொண்டுதான். விடியற்காலை வந்து இறங்கி, புத்தரின் பல் இருக்கும் மாளிகையை வெளியே நின்று பார்த்தேன். சந்தையின் மேல்மாடியில் நின்று பார்த்தேன். வாவியைச் சுற்றினேன். பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்கவில்லை. போனும் போன பிறகு, நேரே போய்க் கேட்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

சுவக்கின் வேலை செய்தது பிலிமத்தலாவையில், செய்னுலாப்தீன் ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடையில். மலைக்கு ஏறிப் பார்க்கத் தைரியம் இல்லாதவனுக்குக் கடை வசதியாகத் தோன்றியது. பஸ் ஏறினேன். என் பையில் றீற்றாவுக்கென்று கொண்டுவந்த பாரைக் கருவாடு இருந்தது. மூன்று தாளும் இரண்டு பொலித்தீனும் சுற்றியும் அது தன் இருப்பை மறைக்கவில்லை. பக்கத்தில் வந்து அமர்ந்த அம்மா ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார். பிலிமத்தலாவை வரை எனக்கு இரண்டு இருக்கை. ஜன்னலால் பார்த்தால் மலைகளில் எல்லாம் மண் சரிந்து சிவப்பாகக் கீறல்கள், பூனை பிறாண்டிய கதிரை மாதிரி. சில கீறல்கள் நடுவழியில் நின்றிருந்தன. சில அடிவாரம் வரை, அங்கே இருந்த கூரைகள் வரை வந்திருந்தன.

ஹாஜியார் மேசைக்குப் பின்னால் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தராசைக் கீழே வைத்தார்.

"ஹாஜியார், என்னைத் தெரியுதோ? சுவக்கின்ரை கூட்டாளி."

"தெரியாமலா? கருவாட்டு தம்பி. தெருவுல வாறப்பவே மணந்திச்சே. வாங்க, இரிங்க."

"சுவக்கின் நிக்கிறானோ?"

"இரிங்க தம்பி மொதல்ல." எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ரெண்டு ப்ளேன்டீ! ரோல்ஸ் சூடா ஈந்தா அதுவும் கொண்டாங்க!"

உட்காரப் போனவன் உட்காராமலே நின்றுவிட்டேன்.

காரணம் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் கெட்ட செய்தியை வெறும் வயிற்றில் சொல்லமாட்டார்கள். தூரத்திலிருந்து வந்தவனுக்கு என்றால் நிச்சயமாகச் சொல்லமாட்டார்கள். என் அப்பா இறந்தபோது, அவருக்குக் கொஞ்சம் சுகமில்லை என்று சொல்லி என்னைக் கந்தோரிலிருந்து கூட்டிப்போன மாமா, நேரே ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார். ரொட்டி, பருப்பு, பிறகு இன்னொரு ரொட்டி. நான் கை கழுவி வந்த பிறகுதான் சொன்னார். அன்றிலிருந்து, கேட்காமல் யாராவது சாப்பாடு வாங்கித் தந்தால் எனக்கு யார் செத்தது என்றுதான் முதலில் தோன்றும். அடுத்தவன் சோற்றில் ஊர் சுற்றுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று பாருங்கள்.

"எனக்கு வேண்டாம் ஹாஜியார்," என்றேன். சும்மா கிடைக்கும் ரோல்ஸை நான் மறுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவருக்கு விளங்கிவிட்டது. "சுவக்கின் ஹயாத்தோட, உசிரோட ஈக்கிறார் தம்பி. அல்லாஹ்மேல ஆணையா. பயப்படாம சாப்பிடுங்க."

இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். மூன்றாவதையும் எடுத்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. மிளகுத்தூள் கூடிவிட்டது என்று சொன்னேன்.

"வீடு எப்பிடி?"

"ஊடு இல்ல. அந்தப் பக்கமே இல்ல."

"பிள்ளை?"

"புள்ள சொகமா ஈக்கிறா. அன்டைக்கி கண்டில அவட பெரியம்மா ஊட்டுல நின்டது."

"றீற்றா?"

வாசலில் வெயிலுக்கு ஒதுங்கி நின்ற ஒரு மனிதரை ஹாஜியார் திடீரென்று பார்த்தார். "ஒங்களுக்கு என்ன, ஒன்டரை இஞ்சி பைப்பா?" என்று கேட்டார். அந்த மனிதர் மிரண்டுபோய்ப் பக்கத்துக் கடை நிழலுக்கு நகர்ந்தார். ஹாஜியார் மறுபடியும் ஆணியை எடுத்துத் தராசில் போட்டார். அது ஏற்கெனவே நிறுத்த ஆணி.

"கெலிஓயால ஈக்கிறார், டயர் கடைக்கிப் பின்னால. நீங்களே போய்ப் பாருங்க தம்பி. நான் செல்லி நீங்க கேக்குற கதையில்ல அது." நான் படியிறங்கியபோது கூப்பிட்டார். "அவர்ட எடத்துக்கு இன்னும் ஆள் போடல்லண்டு செல்லுங்க. போடவும் மாட்டேன்."

பேராதனையில் இறங்கி, கம்பளை பஸ் ஏறினேன். தாவரவியல் பூங்கா வாசலில் வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். வேறு நாளாக இருந்தால், டிக்கெட் இல்லாமல் எந்தத் திருப்பத்தில் எந்த மரம் தெரியும் என்று எழுதுவதற்குக் குறித்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு நான் பாதை முழுக்க ஒரு வழக்கை நடத்திக்கொண்டு போனேன். றீற்றா செத்திருந்தால் ஹாஜியார் சொல்லியிருப்பார். நான்தான் சாப்பிட்டு முடித்துவிட்டேனே. சொல்லவில்லை, ஆகவே சாகவில்லை. காலில் கையில் ஏதாவது அடி. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வாதாடியதும் நான், தீர்ப்பு எழுதியதும் நான். அப்படியும் மனம் வழக்கை முடிக்க விடவில்லை.

டயர் கடைக்குப் பின்னால் ஒரு தனி அறை, சாய்ப்பு இறக்கின குசினி, பொதுக் குழாய். குழாயடியில் குந்தியிருந்து ஒருவன் அரிசி கழுவிக்கொண்டிருந்தான். முதுகெலும்பு சேர்ட்டுக்கு வெளியே தெரிந்தது. திரும்பிய பிறகுதான் அது சுவக்கின் என்று கண்டேன்.

"ஜனா?"

"போனை எடுக்க மாட்டியோ நீ?"

"போனு மண்ணுக்குள்ள கெடக்கு."

"என்ரை போன் தண்ணிக்குள்ளை கிடக்கு."

சிரித்தான். அவன் முகம் அந்த வேலையைச் செய்து நாளாகியிருந்தது. எழுந்து, ஈரக் கையோடு என்னைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "கருவாடு கொண்டாந்திருக்கியா? ஊருக்கே தெரியுது," என்றான்.

உள்ளே போனதும் என் கண் தன்பாட்டில் வேலை தொடங்கியது. ஒரு சேலை, ஒரு சீப்பு, கொடியில் ஒரு பாவாடை, ஏதாவது. அந்த அறையில் எதுவுமே எதையும் சொல்லவில்லை. எல்லாம் புதிது, எல்லாம் யாரோ கொடுத்தது. நிறுவனத்தின் பெயர் ஒட்டிய மெத்தை, பிளாஸ்டிக் கதிரை, விலாசம் எழுதிய வாளி. கொடியில் தொங்கிய உடுப்பெல்லாம் எந்த அளவு ஆளுக்கு என்று தைத்தவனுக்கே தெரிந்திருக்காது. சுவரோரம் தட்டுகளை எண்ணினேன். ஐந்து. பிறகுதான், நிவாரணப் பொதியில் எந்தக் குடும்பத்துக்கும் ஐந்து தட்டுத்தான் என்று ஞாபகம் வந்தது. எங்கள் கந்தோரிலும் அப்படித்தான் கொடுத்தோம். தனி ஆளுக்கும் ஐந்து, ஏழு பேருக்கும் ஐந்து.

"பிள்ளை எங்கை?"

"கண்டிக்கு போயிருக்கா. பெரியம்மாகூட. பொழுதுபட வந்துருவா."

"றீற்றா?"

கருவாட்டுப் பொதியைப் பிரித்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "முகம் கழுவிட்டு வா. சாப்பிட்ட பொறகு சொல்றேன்."

முகம் கழுவினேன். ஹாஜியார் கடையில் சாப்பிட்டது இந்தக் கணக்கில் சேராது என்பதும் விளங்கியது. இந்த வீட்டுச் செய்திக்கு இந்த வீட்டுச் சோறு.

சுவக்கின் அடுப்படியில் நின்று நான் பார்த்ததே இல்லை. தேநீரைக்கூட ஆற்றித் தந்தால்தான் குடிக்கிறவன். இப்போது வெங்காயம் வெட்டினான், பருப்பை இறக்கினான், கருவாட்டைப் பொரித்தான். வெந்நீரில் போட்டு உப்பை எடுக்காமல் அப்படியே எண்ணெயில் போட்டதால் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் உப்புக்கல்லாக வந்தது. எதிரெதிரே நிலத்தில் இருந்தோம். அவன் பரிமாறினான்.

"எப்புடி?"

"கடல் தண்ணியை மிச்சம் வைக்காமல் பொரிச்சிருக்கிறாய்."

"திங்கிறன்னா தின்னு. இல்லன்னா தட்ட குடு."

தட்டைக் கொடுப்பேனா? அந்தத் தட்டில் சோறு இருக்கும்வரை அவன் எதையும் சொல்லமாட்டான். நான் சோற்றைப் பருக்கை பருக்கையாகப் பிசைந்தேன். கருவாட்டில் இல்லாத முள்ளையெல்லாம் தேடி எடுத்தேன். முடியப்போகிறது என்று கண்டபோது இன்னும் கொஞ்சம் போடு என்றேன். போட்டான். பருப்பு கேட்டேன். ஊற்றினான். மறுபடியும் சோறு கேட்டபோது கரண்டி பானையின் அடியைத் தட்டியது. ஆயுள் முழுக்க அந்த வீட்டில் ஆசைக்குத் தின்றவன், முதல் தடவையாகப் பயத்தில் தின்றேன்.

"வேணும்னே மெதுவா திங்கிற," என்றான் சுவக்கின்.

"ஓம்."

"பான காலி ஜனா."

கடைசி வாயை விழுங்கி, தண்ணீர் குடித்து, தட்டிலேயே கையைக் கழுவினேன். அவன் தன் தட்டைத் தொட்டிருக்கவே இல்லை. கதவுப் பக்கம் பார்த்தபடி சொன்னான்.

"காணாமப் போயிட்டா."

"காணாமல் போனதோ?"

"ஆமா. கிராம சேவகரும் அப்புடித்தான் எழுதிட்டு போனாரு. நாலு நாளு ஆர்மிக்காரங்க தோண்டுனாங்க. கெடைக்கல்ல. பாதர் வந்து பூசை வைப்போமான்னு கேட்டாரு. பாப்பா விடமாட்டேன்னுட்டா. அம்மா எங்கயோ இருக்காங்கிறா. அடிபட்டு, பேரு சொல்ல தெரியாம, எங்கயாவது ஒரு வார்டுல கெடப்பாங்கிறா. சனிக்கிழமைன்னா போட்டோவ தூக்கிக்கிட்டு கெளம்பிருவா. போன வாரம் நாவலப்பிட்டி. அதுக்கு முந்தி மாத்தளை. இன்னைக்கி கண்டி ஆஸ்பத்திரில ஆளு தெரியாத பொம்பள ஒன்னு இருக்குன்னு யாரோ சொன்னாங்களாம்."

காலையில் நான் இடுப்பில் கை வைத்துப் படத்துக்கு நின்ற ஊரில்தான் அந்தப் பிள்ளையும் ஒரு படத்தோடு நின்றிருக்கிறாள்.

ஆனால் எனக்குள் வேறொன்று எழும்பிவிட்டது. காணாமல் போனதுதானே! செத்தது என்று சொல்லவில்லையே! பருக்கை பருக்கையாகப் பிசைந்த நேரம் எல்லாம் வீண் என்று தோன்றியது. காணாமல் போனவர்களைத் தேடுவதென்றால் ஊர் சுற்றத் தெரிந்தவன் வேண்டும், செலவில்லாமல் சுற்றத் தெரிந்தவன் வேண்டும். அதற்கென்றே கடவுள் ஒருவனைப் படைத்து, அவனுக்கு இவ்வளவு காலம் அந்த வீட்டில் சோறும் போட வைத்திருக்கிறார்.

"நான் நாளைக்கே பிள்ளையோடை போறன்," என்றேன். "நீ ஒண்டும் யோசியாதை. கண்டியிலை இல்லையெண்டால் பேராதனை. பிறகு மாவனல்லை, கேகாலை. அந்தப் பக்கம் ஒரு கோயில் மடம் இருக்கு, சும்மா படுக்கலாம். அங்காலை குருநாகல். சில வேளை வடக்குப் பக்கம் கொண்டுபோயும் விட்டிருப்பாங்கள், ஆர்க்குத் தெரியும்? நான் கந்தோருக்கு லீவு அறிவிக்கிறன். சம்பளமில்லாத லீவெண்டாலும் பரவாயில்லை."

சுவக்கின் வெறும் பானையை மூடி ஓரமாகத் தள்ளிவைத்தான்.

"சுனாமியிலை கடலடிச்ச நேரம் எங்கடை ஊரிலை ஒரு மனுசன்," என்றேன். "செத்ததெண்டு அந்தியேட்டி முடிச்சு, படத்துக்கு மாலையும் போட்டாச்சு. ஆள் ஒருநாள் நடந்து வந்து படலையைத் திறக்குது." இது உண்மை. அந்த மனுசன் அவ்வளவு நாளும் மட்டக்களப்பில் இரண்டாம் பெண்சாதி வீட்டில் இருந்தான் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

"ஜனா."

"றீற்றா கெட்டிக்காரி, மச்சான். அவவுக்குப் பேர் மறந்தாலும் என்ரை மூஞ்சியைக் கண்டால் அரிசி கூட்டிப் போட ஞாபகம் வரும். பிள்ளை படத்தைக் காட்டட்டும், நான் என்ரை மூஞ்சியைக் காட்டுறன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வாறன். ஒரு வருசமெண்டாலும் தேடுவம். மாவனல்லையிலை இருந்து தொடங்குவமோ, பேராதனையிலை இருந்தோ?"

"தேட வேணாம்."

"ஏன்? பிள்ளையின்ரை படிப்புக்காகச் சொல்லுறியோ? அப்ப நான் தனியப் போறன்."

"தேட வேணாம்ங்கிறேன்ல!" குரல் உடைந்து வந்தது. டயர் கடையில் சுத்தியல் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடியும் தொடங்கியது. சுவக்கின் இரண்டு கையாலும் தன் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆறிப்போன சோறு அதில் அப்படியே இருந்தது.

எனக்கு நாக்கு நுனியில் ஒரு பகிடி நின்றது. எப்போதும் நிற்கும். விழுங்கினேன்.

"சுவக்கின்," என்றேன். "என்னைப் பார். றீற்றா உயிரோடை இருக்கிறாவோ?"

பார்த்தான். அன்றைக்கு முதல் தடவையாக என் கண்ணை நேரே பார்த்தான்.

"இல்ல. செத்துட்டா. ரெண்டு பேரும் வெளிய வந்துட்டோம், ஜனா. பாப்பாவோட ஸ்கூல் சப்பாத்த எடுத்துட்டு வர்றேன்னு திரும்ப உள்ள போனா. அத நான் எப்புடி பாப்பாகிட்ட சொல்வேன்? மண்ணு எறங்குனப்ப நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."